ஏணிக்கு ஒரு சிறுநீரகம்

என் வீட்டுக்காரர் நடத்துவது பழைய சாமான் கடை. கால் ஆடும் நாற்காலி, கதவு மூடாத ஃப்ரிட்ஜ், காற்றைவிடச் சத்தம் அதிகம் தரும் மின்விசிறி என்று யாருக்கும் வேண்டாததெல்லாம் எங்கள் கடைக்கு வந்து சேரும். இவர் அதைப் பிரித்துப் போட்டு, கெட்டுப்போனதை மாற்றி, துடைத்து, விலைச் சீட்டு ஒட்டி வாசலில் நிறுத்துவார். சீட்டு ஒட்டுவது இவருக்கு ஒரு வியாதி. ஒருநாள் மத்தியானம் கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். எழுந்து, பக்கத்திலேயே இருக்கும் என் பியூட்டி பார்லருக்குப் போனால் வந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முதுகில் சீட்டு. விளையாட்டுக்குத்தான் ஒட்டியிருக்கிறார், அதற்கு நான் கோபப்படவில்லை. போட்டிருந்த விலையைப் பார்த்துத்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

இந்த மனிதருக்கு ஒரு கொள்கை உண்டு. "கடைக்குள்ள வந்து, நான் கைவெச்சு, நான் பார்ட் மாத்தின சாமான் என் சாமான்." இந்தக் கொள்கைதான் இவர் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

என் தம்பியை எல்லாரும் கட்டையன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனும் கோபித்துக்கொள்வதில்லை, 'கட்டையன் போர்டு வேலை' என்று வண்டியிலேயே எழுதி வைத்திருக்கிறான். கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுவது அவன் தொழில். குள்ளமாகப் பிறந்தவன் உயரத்தில் செய்கிற வேலையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். பிடிவாதம் எங்கள் பிறந்த வீட்டுச் சொத்து. எங்கள் கடைக்குப் பலகை மாட்ட வந்தபோது தன் மடக்கு ஏணியைக் கொண்டுவந்தான். அன்றைக்கு வேலை முடியவில்லை, ஏணியை இங்கேயே விட்டுவிட்டுப் போனான். போனவனுக்குக் காய்ச்சல். அவன் தேறி வருவதற்குள் இவர் அந்த ஏணிமேல் ஒரு வாஷிங் மெஷினை ஏற்றி, இரண்டு படிகளை வளைத்து, பதறிப்போய்ப் புதுப் படி போட்டு, கீலை மாற்றி, காலுக்கு ரப்பர் மாட்டி, பழக்க தோஷத்தில் விலைச் சீட்டும் ஒட்டிவிட்டார்.

தம்பி வந்து சீட்டைப் பார்த்தான்.

"மாமா, என் ஏணி என்னாச்சு?"

"நல்லாத்தான் இருக்கு. திருப்பித் தர மாட்டேன்."

இவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவனோ காய்ச்சலிலிருந்து அப்போதுதான் எழுந்தவன், வாய் கசந்துபோய் இருந்தது. "உங்க கடையே திருட்டுக் கடைதானே" என்று சொல்லிவிட்டான். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "திருட்டுக் கடையா? அப்ப நிஜமாவே தர மாட்டேன்டா. ரெண்டு படி, கீலு, ரப்பரு, எல்லாம் என்னோடது. ஏணியும் என்னோடது. போடா!"

ஆறு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் இவர் வானத்தைப் பார்ப்பார், அவன் தன் செருப்பைப் பார்ப்பான், அவரவர் உயரத்துக்கு எது பக்கமோ அது. தம்பி வேறு ஏணி வாங்கிவிட்டான். இவரும் அந்த ஏணியை விற்கவில்லை. யாராவது கேட்டால் வாய்க்கு வந்த விலையைச் சொல்லித் துரத்திவிடுவார். ஏன் என்று நான் கேட்டால் திடீரென்று காது கேட்காது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான்தான். தம்பி என்னைப் பார்க்கப் பார்லருக்கு வருவான், பெண்கள் முகத்தில் பூச்சோடு அலறிக்கொண்டு எழுவார்கள்.

அப்புறம் இவருடைய சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன.

வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுக்க வேண்டும். ரத்தம் வெளியே போய், சுத்தமாகி, உள்ளே வரும். முதல் நாள் அந்த மெஷினை மேலும் கீழும் பார்த்துவிட்டு நர்ஸிடம், "இது செகண்ட் ஹேண்டுதானே?" என்று கேட்டார். அந்தப் பெண் பயந்துபோய் பெரிய டாக்டரைக் கூப்பிட்டு வந்துவிட்டாள். அந்த அளவுக்குத் தெம்பு இருந்தது அப்போது. போகப்போக அதுவும் குறைந்தது. கடையில் ஒரு மேசையை நகர்த்திவிட்டு அதன்மேலேயே படுத்துவிடுவார். ஒருநாள் விலைச் சீட்டில் எழுதக்கூட முடியாமல் பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்கு அந்தச் சீட்டை நான்தான் எழுதி ஒட்டினேன்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் இந்த உடம்பு ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குக் காத்திருக்கும் வரிசை ஊர்வலம்போல் நீளம். என்னுடையதைத் தருகிறேன் என்றேன். எனக்குச் சர்க்கரை, எடுக்கக் கூடாது என்றார்கள். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னைத் தேற்றினார்.

"விடு. உன்னோடது வெச்சா உள்ள போயும் என்னைத் திட்டிக்கிட்டே இருக்கும்."

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு ஆள் எங்களை ஓரம் கட்டினான். வாசனை அடிக்கும் சட்டை, குழைவான பேச்சு. "ஆள் இருக்கு. சொந்தக்காரர்னு சொல்லி முடிச்சிடலாம்" என்றான். இவருக்கு வியாபாரி புத்தி, தன்னை அறியாமலே ஆரம்பித்துவிட்டார். "எத்தனை வருஷத்து... அதாவது, என்ன வயசு? எதுக்கு விக்கிறாரு?"

"கடன் சார். மூணு பொம்பளைப் புள்ளைங்க."

இவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். பிறகு சொன்னார்: "நான் வாங்குற நாற்காலிக்கு வீட்டுல புள்ளைங்க கிடையாது." என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவர் பேசியதில் எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இவர் பிழைக்க வழியில்லையே.

மறுநாள் பார்லரில் ஒரு அம்மாவுக்குத் தலைமுடி வெட்டிக்கொண்டிருந்தேன். தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, என்னோடது பொருந்துமான்னு பார்க்கச் சொல்லு. நான் அவர்கிட்ட பேச மாட்டேன். ஆனா எடுத்துக்கச் சொல்லு."

நான் கத்தரிக்கோலோடு அப்படியே நின்றேன். அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமாகவே வெட்டுப்பட்டுவிட்டது, அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

பரிசோதனை எல்லாம் செய்தார்கள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. தம்பி கட்டிலுக்கு இந்தப் பக்கம், இவர் கட்டில்மேல், இருவரும் என்னைப் பார்த்தபடியே ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். இவருக்கு நன்றி சொல்ல வேண்டும், ஆனால் அந்த வார்த்தை வாயில் வந்ததே கிடையாது. தொண்டையைச் செருமினார், போர்வையை இழுத்தார், கடைசியில் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "கிட்னியைக் குடு. ஏணியை எடுத்துட்டுப் போ."

தம்பிக்கு முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிட்டது. ஆறு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த சொல் அல்லவா. அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். 'கட்டையன் ஜெயிச்சுட்டான்' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தன்னிடமிருந்து ஒரு உறுப்பை அறுத்து எடுக்கப் போகிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

அடுத்தது கமிட்டி. ரத்த உறவு இல்லாதவர் கொடுப்பதாக இருந்தால் ஒரு கமிட்டி இருவரையும் விசாரிக்கும். மனித உடம்பு சந்தைச் சரக்கு இல்லை, பணத்துக்கோ பொருளுக்கோ உறுப்பைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பது சட்டம். அக்காள் புருஷன் ரத்த உறவில் வரமாட்டார். ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருக்கும் பெண்மணி எங்களிடம், "ஒண்ணும் பயப்படாதீங்க, உண்மையைச் சொல்லுங்க, போதும்" என்றாள். எங்கள் குடும்பத்திடம் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது.

கமிட்டி அறையில் ஒரு நீள மேசை, எதிரில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி. தலையில் பேருக்கு ஒரு முடி இல்லை, புருவம் மட்டும் இரண்டு பேருக்குப் பங்கு போடலாம். தொழில் புத்தி, என் கண் அங்கேதான் போயிற்று. ஒரு பக்கம் ஒரு டாக்டர் அம்மா. இன்னொரு பக்கம் ஒரு சமூக சேவகர், யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். மேலே ஒரு டியூப் லைட் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. தம்பி உள்ளே வந்ததிலிருந்து கமிட்டியைப் பார்க்கவேயில்லை, அந்த விளக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் என்னைக் கேட்டார்கள். என்ன தொழில் என்றார் தலைவர்.

"பியூட்டி பார்லர் சார். முடி வெட்டுறேன். வெட்டின முடியை விக் செய்யுறவங்களுக்கு விக்கிறேன்." சொன்ன பிறகு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "அது தப்பில்லையே சார்? அதுவும் உடம்புதானே?"

"தப்பில்லைம்மா."

"முடியை விக்கலாம், கிட்னியை விக்கக் கூடாது. அது ஏன் சார்?"

"முடி திரும்ப வளரும்" என்றார்.

நாங்கள் எல்லாரும் அவர் தலையைப் பார்த்தோம். சமூக சேவகர் ஆட்டிக்கொண்டிருந்த தலையைப் பாதியில் நிறுத்தினார்.

"பொதுவா" என்றார் தலைவர்.

பிறகு தம்பியிடம் திரும்பினார். உங்களை யாராவது வற்புறுத்தினார்களா? இல்லை. ஆபரேஷனில் என்ன ஆபத்து என்று சொன்னார்களா? சொன்னார்கள். உங்கள் மனைவிக்குச் சம்மதமா? "ரெண்டு நாள் அழுதா, அப்புறம் ஏணியை மறக்காம வாங்கிட்டு வரச் சொன்னா சார்."

எனக்குப் பகீரென்றது.

"எந்த ஏணி?"

"மாமா தர்றேன்னு சொன்ன ஏணி சார்."

டாக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். தலைவரின் இரண்டு புருவங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. "அதாவது, சிறுநீரகம் குடுக்குறதுக்குப் பதிலா இவர் உங்களுக்கு ஒரு ஏணி தர்றதா ஒப்பந்தம்?"

"ஒப்பந்தமெல்லாம் இல்ல சார். கிட்னியைக் குடு, ஏணியை எடுத்துட்டுப் போன்னார். அவ்வளவுதான்."

"அதுக்குப் பேருதான்பா ஒப்பந்தம்!"

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பொறுமையாக விளக்கினார். உறுப்புக்குப் பதிலாக ஒரு பைசா கை மாறினாலும் குற்றம், ஒரு பொருள் கை மாறினாலும் குற்றம். கமிட்டி அனுமதி தர முடியாது. தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. டியூப் லைட்டிலிருந்து கண்ணை எடுத்தான்.

"சார், சார், அது என் ஏணி சார்! என் ஏணியை எனக்குத் திருப்பித் தர்றது எப்படி சார் விலையாகும்?"

தலைவர் யோசித்தார். யோசிக்கும்போது புருவத்தைத் தடவிக்கொண்டார். "அதுவும் நியாயம்தான். ஏணி உங்களுடையதா இருந்தா, அது வெறுமனே திருப்பித் தர்றது. ஏணி அவருடையதா இருந்தா, அது கூலி. அப்போ விஷயம் ரொம்பச் சுலபம்." இவரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அந்த ஏணி யாருடையது?"

'அவனோடது.' சொல்ல வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். சொன்னால் உயிர் பிழைக்கலாம். நான் மேசைக்குக் கீழே இவர் தொடையைக் கிள்ளினேன்.

இவர் என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி உதட்டோரத்தில் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

"என்னோடது" என்றார் இவர்.

"யோவ்!" என்றேன் நான். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை நான் யோவ் என்று கூப்பிட்டது அன்று ஒருநாள்தான். அதுவும் ஒரு நீதிபதி முன்னால்.

"பின்ன என்ன?" இவருக்குத் தெம்பு எங்கிருந்துதான் வந்ததோ, நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "சார், ரெண்டு படி நான் போட்டது. கீலு நான் மாத்தினது. நாலு காலுக்கும் ரப்பர் நான் போட்டது. என் கடையில ஒரு கொள்கை இருக்கு சார். நான் பார்ட் போட்டா சாமான் என்னோடது."

"ரெண்டு படியை வளைச்சதே நீங்கதானே மாமா!" ஆறு வருஷத்துக்குப் பிறகு தம்பி இவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. எழுந்தே நின்றுவிட்டான், அவன் எழுந்து நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. "பார்ட் போட்டா முழுசும் உங்களோடதாயிடுமா? அப்ப நாளைக்கு என் கிட்னியை உங்களுக்குள்ள போட்டதும் நீங்களே என்னோடதா? உங்களை நான் வண்டியில ஏத்தி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா? சீட்டு ஒட்டி வாசல்ல நிறுத்தலாமா?"

சமூக சேவகர் ரொம்ப மெதுவாகத் தலையாட்டினார்.

"மனுஷனுக்கு ஓனர் கிடையாது" என்றார் தலைவர். சட்டமாகச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. இருமுகிறாரோ என்று டாக்டர் அம்மா தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

அந்த டாக்டர் அம்மாதான் இவரிடம் அடுத்துக் கேட்டார், ரொம்பச் சாந்தமாக. "சரி. உங்க கொள்கைப்படியே கேக்குறேன். அவரோட சிறுநீரகம் உங்க உடம்புக்குள்ள வந்த பிறகு அது யாருடையது?"

இவர் சட்டைப் பட்டனைத் திருகினார். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை அது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கோபமும் அழுகையும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அடக்க முடியவில்லை.

"சார், நான் சொல்றேன் சார். எனக்கு இவரு வேணும். இந்த மனுஷன் வாயைத் திறந்தா பொய்யும் வராது, நல்லதும் வராது. ஒரு தகர ஏணிக்காக உயிரை விடப் பார்க்குறாரு. இவனும் லேசுப்பட்டவன் இல்ல, சிரிக்குறான். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை அனாதையாக்கிட்டு, ஏணியை நட்டுவெச்சுக் கும்பிடட்டும்!"

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பொம்பளை ஒருத்தி அழுதால் இருவருக்குமே கை கால் ஓடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அழுதது நிஜமாகத்தான்.

"ஏணி அவனோடது சார்!" என்று இவர் கத்தினார்.

"ஏணி மாமாவோடது சார், எனக்கு வேணாம்!" என்று அதே நேரத்தில் தம்பி கத்தினான்.

"நீ சும்மா இருடா, உன்னோடதுதான்!"

"அட, உங்களோடதுதான்னு சொல்றேன், படி மாத்தியிருக்கீங்க, ரப்பர் போட்டிருக்கீங்க..."

"படியை வளைச்சதே நான்தானேடா!"

தலைவர் மேசையைத் தட்டினார். எங்களை வெளியே போய் உட்காரச் சொன்னார். வெளியே ஒரு பெஞ்சு. நான் நடுவில், இவர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம்போல் ஏதோ கேட்டது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் நான் புடவைத் தலைப்பைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருந்தேன். அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டால் அடுத்த வழி கிடையாது. திரும்பவும் அந்த மெஷின், திரும்பவும் அந்த வரிசை, அந்த வாசனைச் சட்டைக்காரன். இவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தப்பு பண்ணிட்டேன்ல?" நான் ஆமாம் என்றேன். தம்பியும் ஆமாம் என்றான்.

திரும்பக் கூப்பிட்டார்கள். தலைவர் கண்ணைத் துடைத்து முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"காசு குடுத்து ஆள் பிடிச்சு வர்றவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். ரொம்ப அழகாப் பேசுவாங்க. அண்ணன் என் தெய்வம், அவருக்காக உயிரையும் குடுப்பேன்னு மனப்பாடமா ஒப்பிப்பாங்க. ரெண்டு பேருக்கும் கண்ணுல தண்ணி வரும். இந்த அறையில இதுவரைக்கும் யாரும் ஏணிக்காக அடிச்சுக்கிட்டது இல்ல. நீங்க சொந்தக்காரங்கதான், அதுல எங்களுக்குத் துளியும் சந்தேகம் இல்ல."

சமூக சேவகர் வேகமாகத் தலையாட்டினார்.

"ஆனா சட்டம் சட்டம்தான். ஏணி யாருதுன்னு எங்களால முடிவு பண்ண முடியல. அதனால சந்தேகத்துக்கே இடம் வேணாம். அனுமதி தர்றோம், ஒரு நிபந்தனை. அந்த ஏணி சிறுநீரகம் குடுக்குறவர் கைக்குப் போகவே கூடாது. ஆபரேஷனுக்கு முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. அது எங்க இருக்கோ அங்கேயே இருக்கணும்."

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் எழுந்து கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு சும்மா இருந்திருக்கலாம், வாய் நிற்கவில்லை. "சார், வேணும்னா ஏணியை இந்த ஆஸ்பத்திரிக்கே குடுத்துடறோம். லைட்டு மாத்த ஆகும்."

மூன்று பேரும் ஒரே குரலில், "வேணாம்!" என்று அலறினார்கள். சமூக சேவகர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் அது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரிய டாக்டர் வெளியே வந்து, வைத்தவுடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார். நான் அவர் காலில் விழப்போக, அவர் பின்னால் நகர்ந்து ஒரு தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்து, தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆமை நடையில் இவரைப் பார்க்க வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். வழக்கம்போல் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினான், "அக்கா, எப்படி இருக்காராம்?" என்று. இவர் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள. அந்த ஏணி உன்னோடதுதான்டா. அன்னிக்கே உன்னோடதுதான். படியை வளைச்சுட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் சீட்டு ஒட்டினேன்."

தம்பி பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு நர்ஸ் பக்கத்துக் கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து இவர் வாயைப் பொத்தினான்.

"மாமா, மெதுவா! யார் காதுலயாவது விழுந்தா திரும்ப எடுத்துடப் போறாங்க."

இவர் அவன் கைக்குள்ளேயே சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்தது, முகத்தைச் சுளித்தார். அதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் தையல் இழுத்தது. இருவரும் ஒரே மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டே சிரித்தார்கள். இருவர் கன்னத்திலும் கண்ணீர். எனக்கு எதை யாருக்குத் துடைப்பது என்று தெரியவில்லை.

ஏணி இப்போதும் எங்கள் கடையில்தான் இருக்கிறது. சட்டத்தை மீற நாங்கள் யார்? பழைய விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, இவர் தன் கையாலேயே 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி இன்னொரு சீட்டு எழுதச் சொல்லி வாங்கி, தம்பி இவர் சட்டைப்பையில் ஒட்டிவிட்டுப் போனான். இவர் அன்று முழுக்க அதோடேயே வியாபாரம் பார்த்தார்.

பாரம் தூக்கக் கூடாது என்று இவருக்குக் கண்டிப்பான உத்தரவு. அதனால் உயரத்து அலமாரியில் எதையாவது ஏற்ற வேண்டுமென்றால் தம்பிதான் வருகிறான். ஏணி வெளியே போகக் கூடாதே தவிர, அவன் உள்ளே வந்து ஏறக் கூடாது என்று கமிட்டி சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது வந்துவிடுகிறான். அலமாரியில் ஏற்ற எதுவுமே இல்லாதபோதும் வருகிறான். மேல் படியில் உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டுவான். அங்கேயிருந்து பார்த்தால் அவனைவிட இவர் குள்ளம்.

நேற்றும் வந்து ஏறி உட்கார்ந்தான். கீழே ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கேட்டான்.

"மாமா, என் கிட்னி என்னாச்சு?"

இவர் தலையைத் தூக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் வயிற்றுப்பக்கம் லேசாகத் தட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு. திருப்பித் தர மாட்டேன்."

தம்பி சிரித்த சிரிப்பில் ஏணி ஆட ஆரம்பித்துவிட்டது. நான் ஓடிப்போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டேன்.